பதினான்காவது இலக்கம்

மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில்
ஜவுளிக் குடோனுக்கும் சோடாக் கம்பெனிக்கும் நடுவே
என் அச்சகம்.
காதணி விழா, கண்ணீர் அஞ்சலி,
ஊறுகாய், ஊதுபத்தி, அப்பள லேபிள்,
எல்லாத்துக்கும் ஒரே மெஷின்.

சித்திரைத் திருவிழா முடிந்து
வைகையில் கிடந்த ஒற்றைச் செருப்புகளை
மாநகராட்சி அள்ளிக்கொண்டிருந்த வாரம்
கிரிதரன் வந்தான்.
பைபாஸ் ரோட்டில் கடை போடுகிறானாம்.
"ஹெம்ப் எண்ணெய், ஹெம்ப் மிட்டாய்.
கஞ்சா இல்லண்ணே, அதுக்குப் பங்காளி முறை.
கேஸு கீஸு வராது."

பச்சையில் இலை ஒன்று வேண்டும் என்றான்.
பயல்களுக்குப் பார்த்ததும் புரியணும்,
போலீசுக்கு வேப்பிலையாத் தெரியணும்.
வரைந்தேன்.

லேபிளின் வலப்பக்கம் காலியாகக் கிடந்தது.
"உள்ள என்னென்ன இருக்கு தம்பி?"
"நீங்களே நாலு போடுங்கண்ணே,
பாக்க நெறைவா இருந்தாப் போதும்."

அதிமதுரம் என்று போட்டேன்.
துளசி.
மலைத்தேன்.
மூன்று வரியும் குட்டையாக நின்றதால்
கீழே நீளமாக 'இன்ன பிற மூலிகைகள்'.
அழகாக உட்கார்ந்தது.
பேட்ச் எண்ணுக்கு என் ஸ்கூட்டர் நம்பர்.
உரிம எண் பதினான்கு இலக்கம் வேண்டும்,
அவன் அனுப்பியதில் பதிமூன்றுதான்.
கடைசியில் ஒரு சைபர் சேர்த்தேன்.
யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது.
சாப்பாட்டுக் கேரியர் வந்திருந்தது.

எட்டு மாதத்தில் மூன்று தரம் மறுபதிப்பு.
டியூஷன் விட்டு வரும் பையன்கள்
அங்கே வரிசையில் நிற்பதாக யாரோ சொன்னார்கள்.
மருந்துக்கடை முத்தையா பொருமினார்:
"இருமல் டானிக் ஒண்ணு விக்க எனக்கு ஆயிரம் ரெஜிஸ்டர்,
அவன்கிட்ட ரசீது புக்குகூட இல்லய்யா."
கேட்டுக்கொண்டே அவருக்கு விசிட்டிங் கார்டு வெட்டினேன்.

இன்று சாயங்காலம்
பெத்தானியாபுரத்திலிருந்து ஜெசிந்தா வந்தார்.
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு.
அதற்கு முன்னால் தெருவெல்லாம் கொடுக்க
ஐந்நூறு நோட்டீஸ்.

"தூக்கம் வரலைன்னு ரெண்டு மிட்டாய் தின்னாரு.
ஒண்ணுமே ஆகலையேன்னு இன்னும் மூணு.
விடியக்கால நாலு மணிக்கு
ஆரப்பாளையத்துல வண்டி எடுக்கப் போனவரு
ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு
மொத கியரு எங்கன்னு கண்டக்டரக் கேட்டிருக்காரு.
இருபத்திரெண்டு வருஷ சர்வீசு."
வண்டி நகரவில்லை.
அது உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் செய்த புண்ணியம்.

பெரியாஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்டாராம்,
என்ன சாப்பிட்டார்?
டப்பாவைத் திருப்பி வாசித்திருக்கிறார் ஜெசிந்தா,
ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில்,
ஒரு எழுத்து பிசகாமல்:
அதிமதுரம். துளசி. மலைத்தேன்.
இன்ன பிற மூலிகைகள்.
டாக்டர் எழுதிக்கொண்டாராம்.

டப்பாவை என் மேசையில் வைத்தார்.
என் இலை. என் ஸ்கூட்டர். என் சைபர்.

"கடைய மூடச் சொல்லி எழுதலைங்க.
உள்ள இருக்கறத எழுதி விக்கச் சொல்லிருக்கேன்.
எழுதுனது யாருன்னும் எழுதச் சொல்லிருக்கேன்."

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தும்
உருளையில் பழைய மை போகவில்லை.
முதல் தாளின் ஓரம் லேசாகப் பச்சை.
"வாசிக்க முடியுதுல்ல, போதும்" என்றார்.

"ஒருக்கச் சரிபாத்துருங்கம்மா.
அப்பறம் தப்புன்னா நாங்க பொறுப்பில்ல."
முப்பது வருடமாகச் சொல்கிற வாக்கியம்,
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் பென்சில் கேட்டு வாங்கினார்.
'பாதுகாப்பு'வில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
வைத்தார்.

அப்போது கரண்ட் போனது.
உருளை இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.
"வரட்டும், இருக்கேன்" என்று
தாள் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்.
சோடாக் கம்பெனியில் யாரோ பெட்டியை இழுத்தார்கள்.
அவர் முகம் எனக்குத் தெரியவில்லை,
என் முகம் அவருக்கும்.

"அந்த அதிமதுரம் இருக்குல்லம்மா..."
என்று ஆரம்பித்தேன்.